எரேமியா வாங்கிய வயலும் நாம் வாங்கும் காணியும்

சிறு சேமிப்பைக் காணியிலும் வீட்டிலும் இட நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

எருசலேம் நகரைப் பாபிலோனியப் படைகள் வளைத்து நின்ற காலம் அது. நகருக்குள்ளே பஞ்சம், வெளியே முற்றுகை. இறைவாக்கினர் எரேமியா அரசனின் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் அனமேல் அவரிடம் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள தமது வயலை வாங்கிக் கொள்ளுமாறு கேட்கிறார். எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து அந்த வயலை வாங்குகிறார். உறுதி எழுதப்படுகிறது. சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் பாரூக்கிடம் ஒப்படைத்து, நெடுங்காலம் கெடாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

எரேமியா ஆகமத்தின் 32 ஆம் அதிகாரத்தில் உள்ள இந்த நிகழ்ச்சியை நம்பிக்கையின் அடையாளமாகவே நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அது சரியே. சிதறிப் போகும் மக்கள் ஒருநாள் திரும்பி வந்து வீடும் வயலும் வாங்குவார்கள் என்பதே அதன் கருத்து. ஆயினும் இதில் இன்னொரு பாடமும் உண்டு. நாடே அழியும் வேளையிலும் அந்த இறைவாக்கினர் காணி வாங்கும் ஒழுங்கில் ஒன்றையேனும் தவறவிடவில்லை. உறவினரின் உரிமை பார்க்கப்பட்டது, விலை நிறுத்துக் கொடுக்கப்பட்டது, எழுத்தும் சாட்சியும் இருந்தன, உறுதி பத்திரப்படுத்தப்பட்டது.

சிறிய தொகையைக் கொண்டு காணி வாங்கும் குடும்பங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் விலை கூடியதால் அன்று. இந்த ஒழுங்குகளில் ஒன்றை விட்டுவிட்டதால்தான். செல்வந்தன் பத்துக் காணியில் ஒன்றை இழந்தாலும் தாங்குவான். வெளிநாட்டில் உழைத்த மகன் அனுப்பிய பணமும், ஓய்வூதியத் தொகையும், தாயின் நகையும் சேர்ந்து வாங்கிய ஒரே காணி வழக்கில் விழுந்தால் அந்தக் குடும்பம் எழும்புவது கடினம். ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

காணி வாங்குவது பேராசையா?

கத்தோலிக்கர் சிலருக்கு இந்த ஐயம் உண்டு. பாப்பரசர் 13 ஆம் சிங்கராயர் 1891 இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய திருமடலிலே இதற்கு விடை இருக்கிறது. உழைப்பாளி தன் கூலியை மிச்சம் பிடித்து நிலம் வாங்கினால், அந்த நிலம் வேறு உருவம் எடுத்த அவனுடைய கூலியே என்பது அவர் கருத்து. எனவே உழைத்துச் சேர்த்ததைக் காணியில் இடுவது குற்றமாகாது. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போய், பிறர் நிற்க இடமில்லாமற் செய்வோரைத்தான் இறைவாக்கினர் எசாயா கண்டிக்கிறார்.

முதலில் உங்கள் நோக்கத்தைத் தெளிவாக்குங்கள். மகளுக்கு வீடா? முதுமைக்கு மாத வருமானமா? அல்லது கையிலுள்ள பணம் கரையாமல் இருப்பதற்கா? மூன்றுக்கும் ஒரே காணி பொருந்தாது. வைத்தியசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அருகிலுள்ள சிறிய வீடு வாடகை தரும். ஊரின் ஒதுக்குப்புறத்து வெறுங்காணி ஆண்டுதோறும் ஒரு சதமும் தராது. வேலி அடைக்கவும் பற்றை வெட்டவும் உங்களிடமே பணம் கேட்கும். அதன் விலை ஏறலாம், ஏறாமலும் விடலாம். நோக்கம் தெரியாமல் வாங்குவோரே தரகரின் சொல்லுக்கு இழுபடுகிறார்கள்.

முதலில் கணக்கு

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் கூறியது லூக்காஸ் நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாமும் ஓர் உதாரணத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறிய வீட்டின் விலை 80 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். உறுதி முடிக்கும்போது முத்திரை வரி செலுத்த வேண்டும். முதல் 1 இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4 என்ற வீதப்படி அது 3 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா ஆகிறது. நொத்தாரிசுக் கூலி, நில அளவையாளரின் செலவு, பதிவுச் செலவு, சிறு திருத்த வேலை எல்லாம் சேர்த்து இன்னும் 1 இலட்சம் என்று கொண்டால், உங்கள் கையை விட்டுப் போகும் தொகை ஏறத்தாழ 84 இலட்சம்.

மாத வாடகை 30 ஆயிரம் என்று கொள்வோம். ஆட்கள் மாறும்போது ஒரு மாதமாவது வீடு வெறுமையாகக் கிடக்கும். ஆகவே ஆண்டுக்கு 11 மாத வாடகை, 3 இலட்சத்து 30 ஆயிரம். ஆதனவரி, வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுதல், தண்ணீர் மோட்டார் பழுது ஆகியவற்றுக்கு 80 ஆயிரத்தை ஒதுக்கினால் மிஞ்சுவது 2 இலட்சத்து 50 ஆயிரம். இட்ட பணத்துக்கு இது ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம்தான். இந்த வாடகை வருமானத்துக்கு வருமான வரிச் சட்டமும் பொருந்தும் என்பதை மறக்கலாகாது. பின்னர் விற்கும்போது கிடைக்கும் இலாபத்துக்கும் 2018 ஏப்ரல் முதல் மூலதன ஈட்டு வரி மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது.

இப்பொழுது 40 இலட்சத்தை நூற்றுக்கு 13 வட்டியில் கடனாக எடுத்தீர்கள் என்று வையுங்கள். வட்டி மட்டும் ஆண்டுக்கு 5 இலட்சத்து 20 ஆயிரம். வீட்டு வருமானம் அதில் பாதிக்கும் போதாது. மிகுதியை உங்கள் சம்பளத்திலிருந்து போட இயலுமா? ஒரு மாதம் சுகவீனம் வந்தால் என்ன செய்வீர்கள்? வட்டி வீதம் மாறும் கடனானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. சீமெந்தும் கம்பியும் விலையேறி, அரைகுறைச் சுவரோடு நின்ற வீடுகளை அந்த ஆண்டில் எங்கும் கண்டோம்.

வாடகையை நம்பிக் கடன்படாதீர்கள். உங்கள் உழைப்பைக் கொண்டு அடைக்கக்கூடிய அளவுக்கே கடன்படுங்கள்.

உறவினரின் உரிமை

அனமேல் தமது வயலை எரேமியாவிடம் கொண்டுவந்தது ஏன்? மீட்கும் உரிமை நெருங்கிய உறவினரான எரேமியாவுக்கே இருந்தது. ரூத்தின் வரலாற்றிலும் போவாசு, தம்மிலும் நெருங்கிய உறவினர் ஒருவரை ஊர்வாயிலுக்கு அழைத்து, மூப்பர் பத்துப்பேர் முன்னிலையில் அவருடைய விருப்பத்தை முதலில் கேட்கிறார்.

யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இது புதுமையன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் இத்தகைய உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வரையறுத்தது. அதன்படி, தேசவழமைக்கு உட்பட்ட காணியின் பங்கு ஒன்றை விற்க நினைப்பவர், கூட்டுப் பங்காளிகளுக்கும் தமது உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால், அவர்கள் நீதிமன்றம் சென்று விலையைச் செலுத்திக் காணியைத் தம்முடையதாக்க வழியுண்டு. நீங்கள் நேர்மையாக வாங்கியிருந்தும் வழக்காளியாக நிற்க நேரிடும்.

ஆகையால் பங்குக் காணியானால், “உங்கள் சகோதரர்களுக்கு அறிவித்தீர்களா? எழுத்தில் இருக்கிறதா?” என்று விற்பவரைக் கேளுங்கள். “அவர்கள் கனடாவில் இருக்கிறார்கள், ஒன்றும் சொல்லமாட்டார்கள்” என்ற பதிலை ஏற்காதீர்கள். ஒன்றும் சொல்லாதவர் ஒரு கடிதத்தில் ஒப்பமிட ஏன் தயங்க வேண்டும்?

இதனோடு சேர்த்து இன்னும் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று: தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பதே 1911 ஆம் ஆண்டின் சட்டம். இது பெண்களுக்கு நியாயமானதா என்ற கேள்வி நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. ஆயினும் வாங்குபவர் சட்டத்தைப் பார்த்தே நடக்க வேண்டும்.

இரண்டு: தேடியதேட்டமான காணியில் கணவன், மனைவி இருவரும் ஒப்பமிடுவதே பாதுகாப்பு. ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பங்கு யாரைச் சேர்ந்தது என்று கேட்டறிய வேண்டும்.

மூன்று: சீதன உறுதியிலும் நன்கொடை உறுதியிலும் பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கியிருக்கக்கூடும். மகள் விற்றாலும், தாய் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரித்து தாய்க்கே உண்டு. அந்தத் தாயின் ஒப்பமில்லாமல் வாங்கிவிட்டு, பின்பு அவரை வெளியேற்ற வழி தேடுவது சட்டத்துக்கும் ஆகாது, நான்காம் கட்டளைக்கும் ஆகாது.

உறுதியும் பதிவும்

காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இன்றேல் அது சட்டத்தின் முன் செல்லாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த ஒழுங்கு இது. விற்பதாகச் செய்யும் வாக்குறுதிக்கும் உடன்படிக்கைக்கும்கூட இந்த ஒழுங்கு பொருந்தும் என்பதைப் பலர் அறியார். வெற்றுக் கடதாசியில் முத்திரை ஒட்டி எழுதி, 5 இலட்சம், 10 இலட்சம் என்று முற்பணம் கொடுத்துவிட்டு, பின்னர் காணியும் இன்றிப் பணமும் இன்றி அலைவோர் உண்டு. முற்பணம் கொடுப்பதானால் அதற்கும் நொத்தாரிசு மூலம் உடன்படிக்கை உறுதி எழுதுங்கள்.

எரேமியாவின் உறுதிக்கு இரு பிரதிகள் இருந்தன அல்லவா? நமது உறுதிக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூலப்பிரதி உங்கள் கையில். ஒன்று நொத்தாரிசின் கோவையில். மற்றொன்று காணிப் பதிவகத்தில். விற்பவர் காட்டும் உறுதியைப் பதிவகத்திலுள்ள பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போலி உறுதி இங்கேதான் பிடிபடும்.

உறுதி எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. அதைப் பதிவு செய்யவும் வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் பயன் இதிலேதான் தெரியும். ஒரே காணியை ஒருவன் இருவருக்கு விற்றுவிட்டால், முதலில் வாங்கியும் பதியாமல் இருந்தவரின் உறுதி, பின்னர் விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதிக்கு முன் தோற்றுப்போகும். மோசடி நடந்திருந்தால் வழக்கிடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். ஆகவே உறுதி முடிந்தவுடன் பதிவைப் பற்றி நொத்தாரிசிடம் கேட்டு, பதிந்த அத்தாட்சியைக் கையில் வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன்பு பதிவகத்தில் 30 ஆண்டுகளுக்குக் குறையாத பதிவுகளைத் தேடுவிப்பது நல்ல நொத்தாரிசுமாரின் வழக்கம். ஈடு உண்டா, ஒற்றி உண்டா, குத்தகை உண்டா, பங்குபிரிப்பு வழக்கு நிலுவையில் உண்டா என்பவை அப்போது வெளிப்படும். ஒற்றியில் இருக்கும் காணியின் பலனை, கொடுத்த பணத்துக்கு வட்டியாக ஒற்றிக்காரரே அனுபவிப்பார். நீங்கள் வாங்கினாலும் ஒற்றி மீட்கும்வரை உள்ளே போக இயலாது. பங்குபிரிப்பு வழக்கு முறைப்படி பதியப்பட்டு நடக்கும்போது அந்தக் காணியின் பங்கை வாங்குவதோ, 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெறும் கடதாசியை வாங்குவதாகும்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்து, அவருக்காக வேறொருவர் அற்றோணித் தத்துவத்தின் மூலம் ஒப்பமிடுவதானால், அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, இன்னும் செல்லுபடியாகுமா, விற்கும் அதிகாரத்தைத் தருகிறதா, கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்ற நான்கையும் பாருங்கள். கொடுத்தவர் இறந்ததும் தத்துவமும் முடிந்துவிடும். ஒரு தொலைபேசி அழைப்பில் உரியவரோடு நேரே பேசுவது, பின்னர் வரும் பல ஆண்டு வழக்கைத் தவிர்க்கும்.

இங்கே ஒரு வழக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். முத்திரை வரியை மிச்சம் பிடிக்க, 80 இலட்சத்தை 30 இலட்சம் என்று எழுதுவோர் உண்டு. இதிற் பொய் ஒன்று, களவு ஒன்று. ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும் சேர்ந்து மீறப்படுகின்றன. உலக நன்மையும் இதில் இல்லை. உரித்துக் கேட்டு வழக்கு வந்தாலோ, விற்பனை இரத்தானாலோ, உறுதியிலுள்ள 30 இலட்சமே உங்களுக்கு எதிராகப் பேசும். கொடுத்த மிகுதியை எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? எரேமியா சாட்சிகள் காணவே வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்.

நிலத்தில் நின்று பாருங்கள்

கடதாசி எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் நிலத்தில் கால் வைக்காமல் வாங்கக் கூடாது.

அளவை முதலிற் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் “இரண்டு பரப்பு” என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வரகுக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு. ஏக்கருக்கு 16 பரப்பு. ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச். நெற் கணக்கில் 12 குழி ஒரு பரப்பு. ஏக்கருக்கு 24 பரப்பு. ஒரு பரப்பு 7 பேர்ச்சுக்கும் குறைவு. உறுதியில் எந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பாராமல் விலை பேசுபவர் மூன்றிலொரு பங்கை இழக்கலாம். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து, வரைபடமும் எல்லைக்கல்லும் பெற்றபின் உறுதியை முடியுங்கள். அளக்கும் நாளில் அயலவரையும் கூப்பிடுங்கள். எல்லைக்கல்லைப் பெயர்க்க வேண்டாம் என்று பழமொழி ஆகமம் எச்சரிப்பது வேலிச் சண்டையின் கசப்பை அறிந்தே.

பாதை உண்டா? “எப்போதும் இவ்வழியால்தான் போகிறோம்” என்பது போதாது. வழி, வாய்க்கால் பாத்தியதை உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிணறு பங்குக் கிணறா? எத்தனை பங்கு? தண்ணீர் உவரா நன்னீரா? சித்திரை, வைகாசியில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். கோடையில் பூங்காவாகத் தோன்றிய காணி, கார்த்திகையில் முழங்கால் வெள்ளத்தில் நிற்கும்.

நிலத்தின் வகையையும் பாருங்கள். வன்னியிலும் கிழக்கிலும் பல குடும்பங்களின் காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி அல்லது அளிப்புக் காணி. அனுமதிப்பத்திரத்தைக் கையிலிருந்து கையாக விற்க முடியாது. அளிப்புக் காணிக்கும் அதிகாரிகளின் முன்சம்மதம் வேண்டும். மலிவாக வருகிறது என்று இவற்றை வாங்குபவர் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையைப் பெறாமல் நிற்பார். வயற்காணியானால், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, எழுத்து மூல அனுமதியின்றி அதை மூடி வீடு கட்டல் ஆகாது. பாசையூர், பேசாலை, முல்லைத்தீவு போன்ற கரையோர ஊர்களில் வாங்குவோர், கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர்வரை கரையோர வலயம் என்பதையும், அங்கு கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கொழும்பில் அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு ஒரு சொல். கட்டடம் எழுவதற்கு முன்பே முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கூட்டு ஆதன வரைபடம் பதியப்பட்டதா, உள்ளூராட்சி மன்றத்தின் இணக்கச் சான்றிதழ் உண்டா, கட்டடக் காணி வங்கியில் ஈட்டில் இருக்கிறதா என்று கேட்ட பின்பே பணத்தை விடுங்கள்.

ஆட்சி யார் கையில்?

உறுதி ஒருவரிடமும் ஆட்சி வேறொருவரிடமும் இருப்பது போருக்குப் பிந்திய நமது ஊர்களில் சாதாரணம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரியவரின் உரிமையை ஏற்காமல், தடையின்றிப் பத்தாண்டுகள் ஆட்சி செய்தவர் அந்தத் தனியார் காணிக்கு உரிமை கோரலாம். போரினால் இடம்பெயர்ந்தவர்கள் இதனால் காணியை இழக்கக் கூடாதென்று 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே மாதத்திலிருந்து 2009 மே 18 ஆம் திகதிவரை உள்ள காலத்தைக் கணக்கில் எடாமல் விட அது வழிசெய்தது. அந்தச் சலுகையும் காலவரையறை உடையதே.

இதிலிருந்து இரு பாடங்கள். உங்கள் காணியை வெறுமையாகப் போடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது வேலியைத் திருத்துங்கள். ஆதனவரியை உங்கள் பெயரிற் கட்டிப் பற்றுச்சீட்டை வையுங்கள். ஏழைக் குடும்பம் ஒன்றை இரக்கத்தினால் இருக்க விட்டீர்களானால், உங்கள் அனுமதியோடு இருக்கிறார்கள் என்பதை ஒரு கடிதத்தில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அது இரக்கத்தைக் குறைக்காது. இரு பகுதியாரையும் மனத்தாங்கலிலிருந்து காக்கும்.

மறுபக்கம், நீங்கள் வாங்க நினைக்கும் காணியில் யாரேனும் குடியிருந்தால், “எழுப்பித் தருகிறேன்” என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். அந்தக் குடும்பத்தோடு நீங்களே போய்ப் பேசுங்கள். எத்தனை ஆண்டு இருக்கிறார்கள், எங்கே போவார்கள் என்று கேளுங்கள். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் பெற்றபோது கடிதமும் முத்திரையும் சாட்சிகளும் எல்லாம் இருந்தன. நீதி மாத்திரம் இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டு வாங்கிய காணி சமாதானம் தராது. அவர்களுக்கு இடம் தேட உதவியோ, போதிய தவணையோ கொடுக்க முடியாவிட்டால், அந்தக் காணியை வாங்காமல் விடுவதே மேல்.

வறுமையினால் விற்பவரிடமும் அப்படியே. கணவனை இழந்த பெண் வைத்தியச் செலவுக்காகக் காணியை விற்கிறாள் என்று தெரிந்ததும் விலையை அடித்துக் குறைப்பது கெட்டித்தனமன்று. அயற்காணிகள் போன விலையைக் கேட்டறிந்து, அதற்கு இசைந்ததைக் கொடுங்கள். சில வேளைகளில் அவள் தேடுவது ஒரு சிறிய கடனாகவே இருக்கலாம். காணி பறிபோகாமலே அதைத் தீர்க்க வழி உண்டாவென்று பங்குச் சபையோடு பேசிப் பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவரும் நம் அயலாரே

வீட்டை வாடகைக்கு விடும்போது வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை உடன்படிக்கை நொத்தாரிசு மூலம் எழுதப்பட வேண்டும் என்பதும் மேலே கூறிய 1840 ஆம் ஆண்டுச் சட்டமே. வாடகை எவ்வளவு, எப்போது கூடும், முற்பணம் எவ்வளவு, திருத்த வேலை யாருடையது, எத்தனை மாத அறிவித்தல் என்பவை அதில் இருக்கட்டும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம், தனக்கு உட்பட்ட வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதைத் தடுத்துள்ளது. உங்கள் வீடு அச்சட்டத்துக்கு உட்பட்டதா என்று சட்டத்தரணியைக் கேளுங்கள். வாங்கும் ஒவ்வொரு வாடகைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். வாடகை வரவில்லை என்று தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டுவது, பூட்டை மாற்றுவது போன்ற காரியங்களில் இறங்காதீர்கள். பிணக்கு வந்தால் இணக்கசபை உண்டு, நீதிமன்றமும் உண்டு.

ஒழுகும் கூரையின் கீழ் வேறொருவரின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாத முதலாந் திகதியில் வாடகைக்குக் கை நீட்டுவது நமக்கு அழகா? உங்கள் பிள்ளை அந்த அறையில் படுத்தால் என்ன திருத்துவீர்களோ அதைத் திருத்துங்கள். நல்ல வீட்டில் நல்லவர்கள் நெடுநாள் இருப்பார்கள். வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள் குறையும். ஆகவே நீதியாய் நடப்பவருக்குக் கணக்கிலும் நட்டமில்லை.

எல்லா உறுதியிலும் உள்ள ஓர் ஈடு

பதிவகத்திலே எவ்வளவு தேடினாலும் தென்படாத ஓர் ஈடு எல்லாக் காணிகளின் மேலும் உண்டு. பாப்பரசர் 2 ஆம் அருளப்பர் சின்னப்பர் 1987 ஆம் ஆண்டுத் திருமடலில், தனியார் சொத்து ஒரு சமூக ஈட்டுக்கு உட்பட்டது என்று கற்பித்தார். பூமியின் நன்மைகள் எல்லா மனிதருக்காகவும் படைக்கப்பட்டவை என்னும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனையே இதற்கு அடிப்படை. உங்கள் பெயரில் உறுதி இருக்கலாம். ஆனால் அயலவனுக்கு வழியும், குடியிருப்பவனுக்கு மரியாதையும், வீடற்றவனுக்கு இரக்கமும் கொடுக்க வேண்டிய கடன் அந்த உறுதியோடு சேர்ந்தே வருகிறது. வங்கி ஈடு ஒருநாள் தீரும், இது தீராது. இதைச் செலுத்துபவர் காணியை இழப்பதுமில்லை.

குடும்பமாகப் பேசிப் பார்க்க

இரவுச் செபமாலைக்குப் பின்னர் இக்கேள்விகளைக் குடும்பமாக ஆராயுங்கள்.

1. நமது வீட்டு உறுதி எங்கே இருக்கிறது? அது யாருடைய பெயரில் உள்ளது? அதைப் பிள்ளைகள் அறிவார்களா?

2. காலஞ்சென்ற பெற்றோரின் பெயரில் இன்னும் பிரிபடாமற் கிடக்கும் முதுசொம் உண்டா? சகோதரர் எல்லோரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும் இப்போதே அதைப் பிரித்து எழுதத் தடை என்ன?

3. காணி வாங்க நினைக்கிறோமானால், எதற்காக? கடன்படும் தொகையை வாடகையின்றி, நமது உழைப்பால் மட்டும் அடைக்க முடியுமா?

4. எல்லை, வழி, கிணறு பற்றி அயலவரோடு மனத்தாங்கல் உண்டா? முதலிற் போய்ப் பேச வேண்டியவர் நம்மில் யார்?

5. நமது காணியிலோ வீட்டிலோ இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்?

இரண்டாம் கேள்விக்கு “ஆம்” என்று விடை வந்த குடும்பங்கள், புதுக்காணி தேடுமுன் அந்த வேலையை முடிப்பது நல்லது. உறுதியைப் பத்திரமாக வைப்பது பணத்துக்காக மாத்திரமன்று. நமக்குப் பின் வரும் பிள்ளைகள் சண்டையின்றி ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதற்காகவே.